உள்ளங்கையில் மூன்று துளை

பழைய பேப்பர் கடைக்காரருக்குக் கரையான் என்று பெயர் வைத்தவன் யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது. வைத்தவன் போய்ச் சேர்ந்திருப்பான், பெயர் மட்டும் தங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருடமாகக் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒருவன் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவருக்கும் அதில் வருத்தமில்லை. "கரையான் தின்னுட்டு சும்மா போயிடும். மனுஷன் தின்னுட்டு, ருசி சரியில்லைன்னு சண்டைக்கும் வருவான்" என்பார்.

படிப்பு நாலாம் வகுப்போடு சரி. அச்செழுத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார். கையெழுத்து என்றால் அதுவும் கிடையாது. ஆனால் காகிதத்தைத் தெரியும். கந்தல் துணியை அரைத்துச் செய்த தாளா, மரக்கூழில் செய்த தாளா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே ஒளிந்திருக்கும் கிரீடத்தைப் பார்த்து, எந்த ராஜா காலத்து முத்திரைத்தாள் என்று சொல்வார். பழைய வக்கீல் வீடுகளைக் காலி செய்யும்போது வரும் மூட்டைகளில்தான் அந்தத் தாள்கள் கிடைக்கும். வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரங்கள். விற்றது, வாங்கியது, குத்தகைக்கு விட்டது, தம்பியை வீட்டை விட்டுத் துரத்தியது எல்லாம் பழுப்பு மையில் கையால் எழுதினவை. அதைச் சேகரிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். அடுத்தவன் தாத்தா தோற்ற வழக்கைத் தன் வீட்டு நடுக்கூடத்தில் மாட்டி என்ன சுகம் என்று கரையானுக்குப் புரிந்ததே இல்லை.

அவர் யாரையும் நம்ப மாட்டார். கடைப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் தூங்கினால், நடிக்கிறான் என்று நினைப்பார். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னால் எதற்கு என்று கேட்பார். இப்படி எல்லோரையும் ஒரே அளவில் சந்தேகப்படுகிறவருக்கு ஒரு கஷ்டம் உண்டு. உண்மையிலேயே சந்தேகப்பட வேண்டியவன் வந்து நிற்கும்போது அவனுக்கென்று தனியாக எடுத்து வைத்த சந்தேகம் எதுவும் கையில் இருக்காது.

கையுறைக்காரர் அப்படித்தான் வந்தார்.

நல்ல உயரம், மெலிந்த உடம்பு, கசங்காத சட்டை. இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை. கடைக்குள் நுழைந்ததும் எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரிக் கட்டுகளைப் பார்த்தார்.

"பழைய பத்திரம் இருக்கும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"பலபேர்."

"பலபேர்னு ஒருத்தன எனக்குத் தெரியாது. கையில என்ன, சொறியா?"

அவர் சிரித்தார். பல் தெரியாத சிரிப்பு. "வேர்வை பட்டா தாள் கெட்டுடும். அதுக்குத்தான்."

முதல் இரண்டு தரம் மற்றவர்களைப் போல முழுப் பத்திரமாக வாங்கினார். மூன்றாம் தரம் ஒரு கட்டைப் பிரித்து, எழுதிய தாள்களைத் தள்ளி வைத்துவிட்டு, கடைசித் தாளை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் பத்திரம் எழுதப் போகிறவர்கள் ஒரு முத்திரைத்தாள் கூடவே வாங்கிச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். விஷயம் சீக்கிரம் முடிந்துவிட்டால் அந்தக் கடைசித் தாள் தலையில் கிரீடத்தோடு, கீழே ஒரு எழுத்தும் இல்லாமல் அப்படியே நிற்கும்.

"எழுதினத விட்டுட்டு எழுதாதத எடுக்குறீங்களே?"

"எழுதினது எல்லாரும் வெச்சிருக்காங்க."

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. எல்லா வருடத்துத் தாளும் வேண்டாம். குறிப்பிட்ட நாலு வருடங்கள் மட்டும் போதும் என்றார். பூச்சி துளைத்த தாளாக இருந்தால் அவருக்கு இன்னும் சந்தோஷம். ஒரு நாள் கரையான் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். நடுவில் மூன்று துளை. ஒன்று பெரிது, அதற்கு மேலே இரண்டு சிறிது, நாய் கால் வைத்துப் போன தடம் மாதிரி. அதை ஒதுக்கப் போனார்.

"வேணாம், வேணாம். அதக் குடுங்க. ஓட்டைதானே அதோட வயசுக்குச் சாட்சி" என்று கையுறைக்காரர் வாங்கி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே பச்சைப் பிள்ளையைப் படுக்கவைப்பது போல வைத்துக்கொண்டார்.

கடைசித் தாள் போன பத்திரத்தைச் சேகரிப்பவர்கள் வாங்க மாட்டார்கள். மீந்த எழுத்துத் தாள்களைக் கரையான் தங்கச்சிக்குக் கொடுத்துவிடுவார். தங்கச்சி தையல்காரி. வீட்டின் முன்னறையிலேயே மிஷின் போட்டிருந்தாள். துணி வெட்டுவதற்கு முன் அளவை வெட்டி வைத்துக்கொள்ளக் கெட்டியான தாள் வேண்டும். இந்தத் தாள் நூறு தரம் மடித்தாலும் கிழியாது. வெட்டின அளவுகளை அவள் சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டியிருந்தாள். ஒரு காலரில் யாரோ ஒரு ஜமீனின் கையெழுத்துப் பாதி இருந்தது. ஒரு சட்டைக் கையில் யாரோ ஒரு விதவையின் கைநாட்டு இருந்தது.

"பாவம் இந்தம்மா, என்னத்த எழுதிக் குடுத்தாளோ, தினமும் நான் இவ மேல கத்திரி வெக்கிறேன்" என்பாள்.

"கத்திரி வெச்சது உனக்கு முன்னாடியே நிறைய பேரு" என்பார் கரையான்.

அவளைக் கையுறைக்காரருக்குக் காட்டிக் கொடுத்ததும் கரையான்தான். பருத்திக் கையுறை நல்லதாகக் கிடைக்கவில்லை, கடையில் வாங்கினால் விரல் நுனியில் தையல் தடிக்கிறது என்று அவர் ஒரு நாள் குறைபட்டார். "என் தங்கச்சி தைப்பா, வாங்க" என்று கரையான் கடையைப் பூட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்து, தானே கூட்டிக்கொண்டு போனார். மூன்று தரம் இழுத்தும் பூட்டுக்கு உள்ளே இருக்க வேண்டிய தன் வாய் கூடவே நடந்து போனதை அவர் அன்று உணரவில்லை.

தங்கச்சி ஆணியிலிருந்து வெட்டாத தாள் ஒன்றை எடுத்து மேசையில் போட்டாள். "கையுறையக் கழட்டிட்டு வைங்க சார்."

அவர் தயங்கிவிட்டுக் கழற்றினார். வெயிலே படாத வெளுத்த கை. வலது சுண்டு விரல் மட்டும் மேல் கணுவில் உள்பக்கமாக வளைந்திருந்தது. தாளின் மேல் கையை விரித்து வைத்தார். அவள் பென்சிலால் விரல் விரலாகச் சுற்றி வரைந்தாள்.

"சுண்டு விரல் கோணல் சார். அதுக்கும் சேர்த்துத்தான் தைக்கணும். இல்லேன்னா கையுறை ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும்."

"நல்லாப் பாக்குறீங்க" என்றார் அவர். ஆனால் அவர் கண் சுவரில் இருந்தது. சட்டைக் கைகளையும் காலர்களையும் பார்த்தார். பிறகு கூரையின் மரச்சட்டங்களையும் பின்வாசலையும் கிணற்றையும் பார்த்தார். "பழைய வீடு போல."

"எங்க கொள்ளுத்தாத்தா கட்டினது" என்றாள் தங்கச்சி.

"அப்பப் பத்திரமும் பழசா இருக்குமே? எனக்கு அதுல ஆசை பாருங்க."

இதற்குப் பதில் சொன்னது கரையான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பத்திரமா? எங்க அப்பா காலத்துல வந்த வெள்ளத்துல வீட்டுப் பெட்டியும் போச்சு, பதிவு ஆபீஸ் புஸ்தகமும் போச்சு. இந்தத் தெருவுல பன்னெண்டு வீடு, ஒருத்தர்கிட்டயும் பழைய தாள் கிடையாது. வரி கட்டின சீட்டுதான். அது போதும், எவன் வந்து கேக்கப் போறான்?"

"ஆமாம், எவன் வந்து கேக்கப் போறான்" என்று கையுறைக்காரர் அதையே திருப்பிச் சொன்னார்.

ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஆறேழு மாதம் கடைப்பக்கம் வரவில்லை. செத்துப்போயிருப்பான் என்று கரையான் நினைத்தார். அவரைப் பொறுத்தவரை கண்ணில் படாதவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை தங்கச்சி கையில் ஒரு உறையோடு கடைக்குள் வந்தாள். செருப்பை மாற்றி மாட்டியிருந்தாள்.

"அண்ணே, கோர்ட்டுல இருந்து வந்திருக்கு. நம்ம வீடு நம்மளுது இல்லையாம்."

"எந்தக் குடிகாரன் சொன்னது?"

"குடிகாரன் இல்ல, வக்கீல்."

"ரெண்டுக்கும் நாத்தம்தான் வித்தியாசம். கொண்டா."

எழுத்துக்கூட்டிப் படித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வீட்டுக்கும் வந்திருந்தது. தெருவே கிளம்பி, கோர்ட்டுக்கு எதிர்மாடியில் இருந்த வக்கீலம்மாவிடம் போனது. இளம் வயது, பேச்சில் சுற்றி வளைக்காதவள். மின்விசிறிக்குக் கீழே காகிதங்கள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் கைப்பையை வைத்துவிட்டு விளக்கினாள்.

அந்தத் தெருவின் நிலம் முழுக்க அந்தக் காலத்தில் ஒரு பெரிய மனிதருடையதாம். பன்னிரண்டு குடும்பங்களுக்கும் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்கு விட்டாராம். குத்தகை முடிந்துபோனதாம். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு இப்போது நிலத்தைத் திரும்பக் கேட்கிறாராம். குத்தகைப் பத்திரத்தின் அசல் கோர்ட்டில் இருக்கிறது.

"பொய்" என்றாள் தங்கச்சி. "எங்க கொள்ளுத்தாத்தா யார்கிட்டயும் குத்தகைக்கு எடுத்ததே இல்ல."

"நம்புறேம்மா. ஆனா முத்திரைத்தாள் அந்தக் காலத்தது. மை அந்தக் காலத்தது மாதிரிதான் இருக்கு. பதிவு ஆபீஸ்ல சரிபார்க்கலாம்னா, இந்தப் பத்திரம் எழுதின வருஷத்தோட சேர்த்து சரியா நாலு வருஷப் புஸ்தகம் வெள்ளத்துல போயிருக்கு. இது உண்மைன்னு கோர்ட்டு ஏத்துக்கிட்டா மூணு மாசத்துல காலி பண்ணணும்."

நகலை மேசையில் பரப்பினாள். எல்லோரும் குனிந்து எழுத்தைப் பார்த்தார்கள். கரையானுக்குக் கையால் எழுதின எழுத்து புரியாது. அதனால் காகிதத்தைப் பார்த்தார்.

நடுவில் மூன்று கறுப்புப் புள்ளி. ஒன்று பெரிது. மேலே இரண்டு சிறிது.

அந்தத் துளைகளை அவர் தம் கையால் எடுத்துக் கொடுத்திருந்தார். ஓட்டைதானே வயசுக்குச் சாட்சி என்று சொன்ன குரல்கூடக் காதில் கேட்டது.

இன்னொன்றும் தெரிந்தது. படித்தவர்கள் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் அவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். வரிகள் இடமிருந்து வலமாக நேராக வந்து, அந்தத் துளையருகே வந்ததும், குழியைக் கண்ட சைக்கிள்காரன் மாதிரி லேசாக ஒதுங்கிப் போயின. பெரிய துளைக்கு இந்தப் பக்கம் ஒரு சொல் முடிந்து, அந்தப் பக்கம் அடுத்த சொல் ஆரம்பித்தது. ஒரு எழுத்துகூடத் துளையில் விழவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் எழுதினவனுக்கு, பின்னால் எங்கே பூச்சி வரப் போகிறது என்று எப்படித் தெரியும்? பூச்சி தின்ற பிறகு உட்கார்ந்து எழுதினவன்தான் ஓட்டையைச் சுற்றிப் போவான்.

சுற்றிலும் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள். தாளைக் கொடுத்தது நான்தான் என்று இந்த இடத்தில் எப்படிச் சொல்வது? படியிறங்கும்போது தங்கச்சி கேட்டாள்: "ஏண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"படி செங்குத்தா இருக்கு" என்றார்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கையுறைக்காரர் கடை வாசலில் நின்றார். அதே கசங்காத சட்டை. தங்கச்சி தைத்த கையுறை. உள்ளே வந்து, இதுவரை ஒரு தரமும் உட்காராதவர், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"அவ்வளவு சீக்கிரமாவா?" பல் தெரியாமல் சிரித்தார். "நான் கடைசித் தாள மட்டும் எடுத்துட்டுப் போனேன் பாருங்க, அதோட முன்தாளுங்க இருக்குமே, எழுத்து இருந்தது. அதையும் எடுத்துக்கலாம்னு. எவ்வளவு இருந்தாலும் சரி. நீங்க கேக்குறதுதான் விலை."

பூச்சி ஒரு தாளோடு நிற்காது. கட்டு முழுக்க ஒரே இடத்தில் துளைத்துக்கொண்டு போகும். முன்தாள்களில் அதே மூன்று துளை அதே இடத்தில் இருக்கும், ஆனால் அங்கே எழுத்தைத் தின்றிருக்கும். இதை இவரும் கண்டுபிடித்துவிட்டார் என்று கரையானுக்குப் புரிந்தது. தாமதமாகக் கண்டுபிடித்திருக்கிறார். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"அதெல்லாம் கூழ் மில்லுக்குப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"போன மழைக்கு முன்னாடி. எலித் தொல்லை."

கையுறைக்காரர் தலையை ஆட்டினார். எழுந்து கட்டுகளுக்கு நடுவே மெல்ல நடந்தார். ஒரு கட்டின் மேல் விரலை வைத்து, விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தார். தூசி. "காஞ்ச காகிதம். ஒரு ஜன்னல், ஒரே வாசல், அந்த வாசல்லயும் கட்டு அடுக்கியிருக்கீங்க. நீங்க பின்னாடிதான் படுக்குறீங்க, இல்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. வயசான காலத்துல தங்கச்சி வீட்டுலயே படுக்கலாமேன்னு சொன்னேன். வீடு இருக்கிறவரைக்கும்." வாசலில் நின்று திரும்பினார். "அவங்க நல்லாத் தைக்கிறாங்க. தாளும் நல்ல தாளா வெச்சிருக்காங்க. யார் குடுத்தது?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் போன பிறகும் முக்காலி நடுக்கடையில் வாசலைப் பார்த்தபடி கிடந்தது. கரையானுக்கு அதை நகர்த்தி வைக்கக் கை வரவில்லை.

கடையைப் பூட்டினார். அன்று ஒரே ஒரு தரம்தான் இழுத்துப் பார்த்தார்.

தங்கச்சி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பெடலில் கால் இருந்தது, ஓட்டவில்லை. நோட்டீசு பக்கத்தில் கிடந்தது.

"மிஷின நிறுத்து."

"அது நின்னுதான் இருக்கு. என்னண்ணே?"

நின்றபடியே சொன்னார். உட்கார்ந்தால் பாதியில் நிறுத்திவிடுவோமோ என்று பயம். தாள் விற்றதைச் சொன்னார். மூன்று துளையைச் சொன்னார். வெள்ளத்தில் பத்திரம் போன கதையை வலியப் போய் உளறியதையும் சொன்னார். முடிந்ததும் அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"ஊர்ல ஒருத்தன நம்பமாட்ட. நான் சட்டைக்குக் காஜா எடுத்தாக்கூட எண்ணிப் பாப்ப. அவன மட்டும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து என் மேசைல உக்கார வெச்சியே, ஏண்ணே?"

"நம்பிக் கூட்டிட்டு வரல."

"பின்ன?"

"எல்லாத்தையும் போல இவனும் ஒரு திருடன்னு நெனச்சேன். இப்படிப்பட்ட திருடன்னு நெனைக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. எழுந்து ஆணிகளிலிருந்து எல்லாவற்றையும் கழற்றித் தரையில் போட்டாள். இருவரும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்கள். காலர், பை, தோள், சட்டைக் கை. துளைகள் இருந்தன. ஒன்றுகூட அந்த மூன்று துளை இல்லை.

"முடிஞ்சுது" என்றார்.

"இரு. ஒண்ணு இங்க இல்ல." அவள் மிஷின் இழுப்பறையை இழுத்தாள். பாபின், சாக்கட்டி, உடைந்த ஊசிகளுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினாள். "ஆள் அளவு வெச்சு வெட்டினத மட்டும் நான் ஆணில மாட்ட மாட்டேன். திரும்பத் தைக்கக் கேப்பாங்கல்ல."

கையுறைக்காரரின் வலது கை. ஐந்து விரலும் விரிந்தபடி, சுண்டு விரல் மேல் கணுவில் உள்பக்கமாக வளைந்தபடி, பழுப்புத் தாளில் வெட்டின கை. அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளங்கையில் மூன்று துளை வழியாக வெயில் வந்து அவள் முகத்தில் விழுந்தது. ஒன்று பெரிது, இரண்டு சிறிது. துளையைச் சுற்றிலும் பாதி தின்ற எழுத்துகள்.

கரையானுக்கு அதைத் தொடுவதற்கே ஒரு மாதிரி இருந்தது. அந்த ஆளே உள்ளே வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்பது போல.

அதை எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னதை வக்கீலம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "வாங்க, இப்பவே" என்றாள். கோர்ட்டு ஆவண அறையில் அனுமதி வாங்கி, எதிர்த்தரப்பு வக்கீலின் ஆளையும் கூப்பிட்டு நிற்கவைத்து, குமாஸ்தாவிடம் அசலை எடுக்கச் சொன்னாள். குமாஸ்தா சலிப்போடு எடுத்து வைத்தார். அவள் காகிதக் கையை அதன் மேல் மெதுவாகப் படுக்கவைத்து, அங்கே இங்கே கொஞ்சம் நகர்த்தி, இரண்டையும் சேர்த்து ஜன்னலுக்கு நேரே தூக்கினாள்.

மூன்று துளையும் மூன்று துளையில் போய் உட்கார்ந்தன. வெளிச்சம் தடையில்லாமல் வந்தது. உள்ளே ஓடும் நீர்க்கறைக் கோடுகூட இதில் முடிந்த இடத்தில் அதில் தொடர்ந்தது.

"இதுல பூச்சி எழுத்தத் தின்னிருக்கு" என்றாள் வக்கீலம்மா. "அதுல எழுத்து பூச்சிக்கு வழி விட்டிருக்கு. ஒரே கட்டு, ஒரே பூச்சி. அப்ப எது பின்னாடி எழுதினது?"

குமாஸ்தாவின் சலிப்பு போய்விட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் பார்த்தார். எதிர்த்தரப்பு ஆள் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். காகிதக் கையை ஒரு உறையில் போட்டு, அரக்கு வைத்து, கோர்ட்டு முத்திரை குத்தி, எண் போட்டு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். இனிமேல் அதை யாரும் தொட முடியாது என்றாள் வக்கீலம்மா.

வராந்தாவில் அவள் கரையானைத் தனியாக நிறுத்தினாள். "தாள் பேசிடும். ஆனா இந்த ரெண்டும் ஒரே கட்டுல இருந்துச்சு, கடைசித் தாள இன்னார்கிட்ட குடுத்தேன்னு ஒருத்தர் கூண்டுல ஏறிச் சொல்லணும். வழக்குல அந்த ஆள் பேரே எங்கயும் இல்ல. அவர அடையாளம் காட்ட நீங்க ஒருத்தர்தான். வியாழக்கிழமை விசாரணை. உங்களையும் கேள்வி கேப்பாங்க, ஏன் வித்த, தெரிஞ்சுதான் வித்தியான்னு. சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா சொல்ல மாட்டேன். அதான் இப்பவே சொல்றேன்."

வீடு திரும்பும்போது மணி நாலு இருக்கும். தங்கச்சியின் நடையில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. பன்னிரண்டு வீட்டுக்கும் வாசலில் நின்றே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அண்ணன் தாள் விற்றதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அது வியாழக்கிழமை எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாசல் பூட்டு பூட்டினபடியே தொங்கியது. அவர் பழக்கத்தில் மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அவள் சாவி போட்டுத் திறந்து உள்ளே கால் வைத்தாள். வைத்த கால் அப்படியே நின்றது.

தரையில் போட்டுவிட்டுப் போன காலர் இல்லை. சட்டைக் கைகள் இல்லை. விதவையின் கைநாட்டு இல்லை. ஒரு துண்டுத் தாள் இல்லை. சுவரில் வெறும் ஆணிகள் மட்டும் வரிசையாக நின்றன. மிஷின் இழுப்பறை திறந்திருந்தது. பாபின்களும் சாக்கட்டியும் உடைந்த ஊசிகளும் மேசையில் ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. வேறு எதையும் யாரும் தொடவில்லை. பின்கதவுத் தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தது.

மிஷின் மேல் புது வெள்ளைப் பருத்தித் துணி நாலாக மடித்து வைத்திருந்தது. அதன் மேல் குண்டூசியால் குத்திய சின்னச் சீட்டு. பழைய கந்தல் தாளில், பழுப்பு மையில் எழுதியிருந்தது. ஆனால் கூட்டெழுத்து இல்லை. நாலாம் வகுப்புப் படித்தவருக்கும் புரியட்டும் என்று அச்செழுத்துப் போலத் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தது. தங்கச்சி அதைப் பிடுங்கப் போனாள். கரையான் அவள் கையைத் தடுத்துவிட்டு, குனிந்து, எழுத்துக்கூட்டி, தாமே படித்தார். நேரம் ஆயிற்று.

இன்னும் ஒரு ஜோடி வேண்டும். இந்த முறை அண்ணன் கை அளவுக்கு.

தங்கச்சி ஜன்னலைச் சாத்தினாள். கதவையும் சாத்தினாள். சாத்திவிட்டு, சாத்தி என்ன பிரயோஜனம் என்று தோன்றியிருக்க வேண்டும், அதிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, நீ கூண்டுல ஏற வேணாம். வீடு போனாப் போகட்டும்."

"தாள் அலமாரிக்குள்ள இருக்கு. அவனால அதத் தொட முடியாது. தொடக்கூடியது நான் ஒருத்தன்தான் பாக்கி. அதான் சொல்லி அனுப்பியிருக்கான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"தெருவுல பன்னெண்டு வீடு. நான் ஒரே ஆளு. நீ தையல்காரிதானே, கணக்குப் போடத் தெரியாதா?" அவர் முக்காலியை இழுத்துப் போட்டு மேசை முன்னால் உட்கார்ந்தார். "வா. அளவு எடு."

"விளையாடாதண்ணே."

"துணி வந்திருக்கு, ஆர்டர் வந்திருக்கு. கூண்டுல கையத் தூக்கிச் சத்தியம் பண்ணணும். நடுங்கினா அவனுக்குத் தெரியக்கூடாது. போட்டுக்கிட்டுப் போறேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பென்சிலைத் தேடினாள். வரைவதற்கு வீட்டில் பழைய தாள் ஒன்றும் இல்லை. கோர்ட்டு நோட்டீசைக் கவிழ்த்துப் போட்டாள். கரையான் அதன் முதுகில் கையை விரித்து வைத்தார். காய்த்த கை, நகத்துக்குள் முப்பத்தெட்டு வருடத்துத் தூசி. பென்சில் கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கியது. அறையில் அந்தச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

பென்சில் மோதிர விரலுக்கு வந்தபோது தெருவில் காலடி ஒன்று கேட்டது. அவசரமில்லாத நடை. பக்கத்து வீட்டைத் தாண்டி வந்து, சாத்திய ஜன்னலுக்கு வெளியே நின்றது. ஜன்னல் இடுக்கில் வந்துகொண்டிருந்த வெயில் கோடு அணைந்தது.

தங்கச்சியின் பென்சில் நின்றுவிட்டது.

"நிறுத்தாத" என்றார் கரையான், வெளியே கேட்கும் குரலில். "இன்னும் சுண்டு விரல் பாக்கி."

கையை எடுக்கவில்லை.